மினாசுக்கு எட்டு மணி நேர வேலை

நாலு காப்பியும் ஒரு குப்பி சிப்புரோச் சாராயமும் வைத்த தட்டோடு லாசரோஸ் அடுப்பு மேடையை விட்டு நகர்ந்ததும், வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றதும் ஒன்றாக நடந்தன. காரின் எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஊர்க் காப்பிக்கடைக்கு யாரும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவதில்லை. இறங்கியவள் ஒரு சின்னப் பெண்; அவளுக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஓர் ஆள். பதியாமல் ஆள் வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேரியா நகரத்திலிருந்து வரும் வேலை ஆய்வாளர்கள்.

இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் நாங்கள் ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தோம். லாசரோஸ் இடுப்பில் துண்டு கட்டக் கூடாது. வாசலில் அந்நிய முகம் தெரிந்தால், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு அடுப்போர மேசையில் போய் உட்கார்ந்து சீட்டைக் கையில் எடுத்துவிட வேண்டும். அந்த மேசையில் அவனுக்கென்று ஒரு கை சீட்டு எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். அதற்குக் காவல், அந்த மேசையிலேயே பழியாகக் கிடக்கும் கோஸ்மாஸ். எல்லாம் சரி. ஆனால் கடையின் நட்டநடுவில், கையில் தட்டோடு நிற்கும்போது அவர்கள் வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அத்தனையும் மண்டுகள், அதற்கு நான் தலைவி.

என் பெயர் அனதோலி. இந்தக் கடை என் புருஷன் வைத்தது. மனுஷன் ஒரு நாள் சீட்டில் ஜெயித்த சந்தோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான்தான் நடத்துகிறேன். ஆம்பளைகள் கூடுகிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று ஆரம்பத்தில் முனகியவர்கள் எல்லாம், இன்றைக்கு என் வாய்க்குப் பயந்து செருப்புச் சேற்றை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

லாசரோஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊர் நூல் மில்லில் மெக்கானிக்காக இருந்தான். நல்ல கைராசிக்காரன், ஓடாத மிஷினை அவன் தொட்டால் ஓடும் என்பார்கள். மில்லை மூடினார்கள். பிறகு எல்லோரையும் போல அவனும் பழம் அடைக்கிற டப்பா ஆலைக்குப் போனான். கோடையில் பீச் பழம் மலைபோல வந்து குவியும். அது தீரும் வரை வேலை. அந்த வேலையில் விழுகிற முத்திரைகளை வைத்துத்தான் குளிர்காலம் முழுக்க அரசாங்கத்தின் வேலையில்லா உதவித்தொகை. முத்திரை என்பது பழைய பேச்சு. ஒரு காலத்தில் வேலை பார்த்த நாளுக்கு ஒன்றாகப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆனாலும் நாங்கள் "முத்திரை விழுந்துச்சா?" என்றுதான் ஒருத்தரையொருத்தர் விசாரித்துக்கொள்வோம். பெண் கொடுக்கிற வீட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான். பையன் அழகனா என்பதெல்லாம் அப்புறம்.

லாசரோசுக்கும் அவன் மனைவி பார்த்தேனாவுக்கும் ஒரே பிள்ளை, மினாஸ். தாத்தா பெயர். ஊரிலேயே அந்தப் பெயரில் அவன் ஒருத்தன்தான். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் தெசலோனிக்கியில் ஒரு பீட்சா கடையில் வண்டி ஓட்டினான். காகிதத்தில் நாலு மணி நேர வேலை. நிஜத்தில் கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரை. பாதி நாள் முத்திரை, முழு நாள் முதுகுவலி என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். மழை பெய்த ஒரு ராத்திரி, வளைவில் வண்டி வழுக்கி ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான். விசாரணையில் கடைக்காரன் பதிவைக் காட்டினான். அதன்படி மினாசின் வேலை சாயங்காலமே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவன் எங்கே சுற்றினான் என்று தனக்குத் தெரியாது என்றான். "வண்டிப் பெட்டியில ஆறு பீட்சாவ வெச்சுக்கிட்டா எம்புள்ள ஊர் சுத்துனான்?" என்று பார்த்தேனா கேட்டாள். கேட்டு என்ன? வேலையில் செத்தான் என்றுகூட எழுத மாட்டோம் என்றுவிட்டார்கள். பாவிகள். அன்றைக்குக் கறுப்பு உடுத்தியவள், நாலு வருஷமாகக் கல்லறைக்கும் வீட்டுக்குமாகத்தான் நடக்கிறாள். அது ஒன்றும் தூரமில்லை. அவர்கள் தெரு ஏறி முடிகிற இடத்தில்தான் கல்லறைத் தோட்டம்.

லாசரோஸ் அதற்குப் பிறகு டப்பா ஆலைக்குப் போவான், வருவான். பழக்காலம் முடிந்தால் வீட்டுக்குள் அடைந்துவிடுவான். போன குளிர்காலத்தில் நான்தான் போய், "கடையில ஒத்தாசைக்கு ஆளில்லாம நான் திண்டாடுறேன், நீ இங்க செவத்த மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்க, வாடா" என்று இழுத்து வந்தேன். காலையில் இரண்டு மணி நேரம். முதல் நாள் அவன் வாசலில் வந்து நின்றதும் கோஸ்மாஸ் இரண்டு கைகளையும் தூக்கி, "லாசரோஸ், வெளியே வா!" என்று பாதிரியார் குரலில் கூவினான். செத்துக் கல்லறையில் கிடந்த லாசருவை உயிரோடு எழுப்ப இயேசு கூப்பிட்ட வசனம். கடையே சிரித்தது. செத்தேன், இந்த எருமைக்கு நாக்கில் எலும்பே இல்லையே என்று நான் பதறினேன். லாசரோசும் சிரித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பல்லைப் பார்த்தேன்.

முறைப்படி பதிந்துவிடலாம் என்றுதான் எனக்கு ஆசை. இரண்டு பேரும் உதவித்தொகை அலுவலகத்துக்கே போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"தெனமும் ரெண்டே மணி நேரம்தான் சார்," என்றான் லாசரோஸ். "அதுக்குத் தகுந்த மாதிரி உதவித்தொகையில கொஞ்சம் கழிச்சுக்க முடியாதா?"

"ரெண்டு மணியோ பத்து மணியோ, பதிஞ்சாச்சுன்னா நீங்க வேலையில இருக்கிற ஆளு. வேலையில இருக்கிற ஆளுக்கு வேலையில்லாதவர் அட்டை எப்படிங்க இருக்கும்? மூடிரும்."

"அப்புறம் இந்த வேலை போச்சுன்னா?"

"திரும்பவும் வாங்க. ஆனா ரெண்டு மணி நேர வேலைக்கு விழுற முத்திரை பத்துமான்னு அப்பதான் பாக்கணும். பத்தலன்னா ஒண்ணும் கிடையாது."

நான் சும்மா இருப்பேனா? "ஏங்க, ரெண்டு மணி நேரம் ஒழைச்சா மிச்ச இருபத்திரண்டு மணி நேரமும் பட்டினி கெடக்கணும்னு சொல்றீங்க. ஒழைக்காம படுத்திருந்தா சோறு உண்டு. இத எந்த மகராசன் யோசிச்சு எழுதினான்?"

"அம்மா, நான் எழுதலம்மா," என்றார் அவர் பாவமாக.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். குளிர்காலத்துக்கு அந்த அட்டையை விட்டால் லாசரோஸ் வீட்டில் வேறு வரும்படி கிடையாது. விறகும் மருந்தும் ரொட்டியும் அதில்தான். என் கடையில் என்னால் கொடுக்க முடிந்தது அதில் பாதிகூட இல்லை. "பதியாம வரேன் அனதோலி," என்றான் கடைசியில். "மாட்டினா உனக்கும் அபராதம். வேண்டாம்னா சொல்லிடு." அவனுக்கு மாட்டினால் என்ன ஆகும் என்பதை அவன் சொல்லவில்லை. அட்டை போகும், வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அந்தக் குளிர்காலமே போகும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்படித்தான் ஒரு குளிர்காலம் போய் அடுத்ததும் தொடங்கியது. அந்த வெள்ளைக் கார் வந்தது நவம்பரில், புதுச் சிப்புரோ காய்ச்சி இறக்கியிருந்த வாரத்தில். அன்றைக்குப் புனித மினாசின் திருநாள். எங்களுக்குப் பிறந்தநாள் பெரிதில்லை. யாருடைய பெயர் நமக்கு வைத்திருக்கிறதோ அந்தப் புனிதரின் நாள்தான் கொண்டாட்டம். பெயர்க்காரன் கடைக்கு வந்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளை வெளியூரில் இருந்தால் அவனுக்காக அப்பன் வாங்கிக் கொடுப்பான். குடிப்பவர்கள் அவனிடம், "பிள்ளை நெடுநாள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளாசை வாயில் வைப்பார்கள். சொல்லாமல் குடித்தால் அது சண்டைக்கு இழுப்பதுபோல. செத்துப்போனவர்களுக்குக் கொண்டாட்டம் கிடையாது. அவர்கள் பேச்சு வந்தால் "ஆண்டவர் நிழல்ல இருக்கட்டும்" என்று சொல்லி சிலுவை போட்டுக்கொள்வதோடு சரி.

அன்று காலையில் கோயில் மணி அடித்தபோதே நான் லாசரோசுக்கு ஃபோன் பண்ணி, வர வேண்டாம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. "வீட்ல இருந்தா அவ மூஞ்சிய நானும் என் மூஞ்சிய அவளும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அது என்னால முடியாது," என்றான். வந்தான். வழக்கம்போல அடுப்பை மூட்டினான். அந்தக் கார் வரும் வரை கோஸ்மாஸ்கூட வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெண் உள்ளே வந்து வணக்கம் சொன்னாள். நல்ல பிள்ளை, திமிர் பிடித்தவள் இல்லை. மீசைக்காரர் கதவருகிலேயே நின்றுகொண்டார். அவள் கண் நேராகத் தட்டுக்குப் போனது.

"ஐயா இங்க வேலை பாக்கிறீங்களா?"

லாசரோஸ் நின்ற இடத்திலேயே நின்றான். கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலையா? இவனா?" கோஸ்மாஸ் எழுந்தான். "நல்லா கேட்ட போ தாயி! இவன எவன் வேலைக்கு வெப்பான்? இன்னைக்கு அவன் வாங்கிக் குடுக்குற நாளு. தன் கையாலதான் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், விட்டுட்டோம்."

"ஓ, பெயர்நாளா?" பெண்ணின் முகம் மலர்ந்தது. "உங்க பேரு?"

"லாசரோஸ்," என்றான் அவன்.

அவள் புருவம் சுருங்கியது. "லாசரோஸ் நாள் ஈஸ்டருக்கு முன்னாடி இல்ல வரும்?"

ஒரு பொய்யைச் சொல்கிறவன் அதற்கு வால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா? கோஸ்மாஸ் பார்க்கவில்லை. காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பெண் ஃபைலைத் திறந்தாள். அட்டை போய்விட்டது, இந்தக் குளிர்காலம் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் லாசரோஸ் பேசினான்.

"எனக்கு இல்லம்மா. என் பையனுக்கு. மினாஸ்."

ஐயோ, என்னப்பா இது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, ஆமா! இன்னைக்கு மினாஸ்தானே," என்று பெண் ஃபைலை மூடினாள். அவள் வளர்ப்பு அப்படி. யாரோ நல்ல தாய் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறாள். லாசரோசின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மனசாரச் சொன்னாள்: "பிள்ளை நெடுநாள் இருக்கட்டும்."

"நன்றிம்மா," என்றான் லாசரோஸ்.

பிறகு அவன் காப்பியை மேடையில் இறக்கி, தட்டில் கிளாசுகளை அடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனான். போய்த்தானே ஆக வேண்டும்? அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிளாசை வைத்துச் சிப்புரோ ஊற்றினான். வைத்த கையைப் பார்த்தார்களே தவிர, ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் மேசையில் இருந்த கிழவர் தியோஃபிலோஸ், மினாசின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவர் கிளாசை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "பிள்ளை நெடுநாள் இருக்கட்டும் லாசரோஸ்," என்றார். அடுத்தவன் சொன்னான். அதற்கடுத்தவன் சொன்னான். பன்னிரண்டு ஆண்கள், ஒருத்தர் விடாமல், மண்ணுக்குள் இருக்கிற ஒரு பையனை நெடுநாள் இருக்கச் சொன்னார்கள். கடைசியில் கோஸ்மாஸ். அவனுக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இந்த வருஷச் சரக்கு காரம்," என்று பெண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அவள் வேலை நேரத்தில் குடிக்க மாட்டேன் என்றாள். ஆனால் பெயர்நாளில் ஒன்றுமே தொடாமல் போவது மரியாதை இல்லை என்று அவளுக்கும் தெரியும். நான் சர்க்கரைப்பொடி தூவிய லுக்குமி மிட்டாயை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். அவள் ஒன்று எடுத்தாள். மீசைக்காரரும் வந்து ஒன்று எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனார்.

"பையனுக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள், மிட்டாயை மென்றுகொண்டே. வேலை முடிந்துவிட்டது, சும்மா ஒரு பேச்சு.

"முப்பது முடிஞ்சுது," என்றான் லாசரோஸ். கொஞ்சமும் யோசிக்கவில்லை. மினாஸ் போனது இருபத்தாறு வயதில். இந்த மனுஷன் ஒவ்வொரு வருஷமும் ஒரு வயதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறான் என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

"எங்க இருக்கார்? வெளிநாட்டுலயா?"

"இல்லம்மா. இங்கதான். நம்ம வீட்டுக்குப் பக்கத்துலயே."

"குடுத்து வெச்சவங்க நீங்க. இப்பல்லாம் யார் பிள்ளைங்க பக்கத்துல இருக்காங்க?"

"அவங்கம்மா தெனமும் போய்ப் பாத்துட்டு வருவா."

"என்ன வேலை பாக்கிறார்?"

அதோடு நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். ஏதோ ஒரு வேலையைச் சொல்லி முடித்துவிடுவான் என்று. ஆனால் அவன் காலித் தட்டை இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற அப்பனைப்போலப் பேச ஆரம்பித்தான்.

"எட்டு மணி நேர வேலைம்மா. அரை வேலை கிடையாது. காகிதத்துல என்ன இருக்கோ அதேதான் நெசத்துலயும். சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்துருவான். மழைக்காலத்துல வெளிய அனுப்புறதில்ல. முத்திரை முழுசா விழுது. ஒரு நாள்கூட விட்டுப்போகல. நான் அப்பப்போ பாத்துக்குவேன்."

"அதான் வேணும் ஐயா. நெறைய பேர் நாலு மணி நேரம்னு பதிஞ்சுட்டு நாள் பூரா வேலை வாங்குறாங்க. எங்க பொழப்பே அவங்கள தேடுறதுதான்," என்றாள் அவள்.

"தேடுங்கம்மா," என்றான் லாசரோஸ். "நல்லா தேடுங்க."

அவள் கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டு, "பையனோட அம்மாகிட்டயும் என் வாழ்த்த சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு முதலில் வெளியே போனாள். மீசைக்காரர் கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். அவர் உள்ளே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. லாசரோஸ் பக்கம் திரும்பி, குரலே எழும்பாமல், "ஆண்டவர் நிழல்ல இருக்கட்டும்," என்றார். போய்விட்டார். எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர்நாள் கொண்டாடுகிற கடையில் ஒருத்தர்கூடச் சிரிக்காமல் குடிப்பதை அவர் கவனித்திருக்கலாம்.

கார் கிளம்பிப் போனதும் கோஸ்மாஸ் எழுந்து வந்தான். "லாசரோஸ், டேய், நான் வேணும்னு... என் நாக்கை அறுத்துப் போடணும்டா. காப்பாத்தணும்னு நெனச்சேன்," என்று அவன் தோளைத் தொட்டான்.

"காப்பாத்திட்டியேடா," என்றான் லாசரோஸ். அதில் குத்தலே இல்லை. நிஜமாகத்தான் சொன்னான். பிறகு மேடைக்கு வந்து பாக்கெட்டிலிருந்த நோட்டையெல்லாம் எடுத்து வைத்தான். நான் தள்ளிவிட்டேன். அவன் மறுபடியும் என் பக்கம் நகர்த்தினான். "நான் வாங்கிக் குடுத்தது. அவன் நாளுக்கு. நீ காசு வாங்கலன்னா அது வெறும் பொய்யாப் போயிடும்," என்றான். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டவன் கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.

"அனதோலி, நாளைக்கே என்னைப் பதிஞ்சுடு. ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ, உன்னால முடிஞ்சது."

"பைத்தியமா உனக்கு? அட்டை மூடிரும். இப்பத்தான் தப்பிச்சிருக்க! நான் குடுக்குறத வெச்சு விறகு வாங்குவியா, அவளுக்கு மருந்து வாங்குவியா?"

"மூடினா மூடட்டும்."

"லாசரோஸ், நல்லா யோசிச்சு..."

"அவங்க திரும்பவும் வருவாங்க," என்றான் அவன். "வர்றப்பல்லாம் என்னால அவன எழுப்பிக் கூட்டிட்டு வர முடியாது."

என் வாய் அடைபட்டதை ஊரே பார்த்தது.

பகல் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. காப்பியைப் பொங்க விட்டேன், இரண்டு கிளாசை உடைத்தேன். இந்த ஊரில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் வாழ்த்துச் சொல்வார்கள். லாசரோஸ் கடையில் மினாசுக்காக எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தான் என்பது பார்த்தேனா காதில் எப்படிப் போய் விழுமோ, யார் வாயிலிருந்து விழுமோ என்று நினைக்க நினைக்கக் கதி கலங்கியது. இருட்டத் தொடங்கியதும் கடையைச் சாத்தினேன். ஒரு டப்பா லுக்குமியை எடுத்தேன். வெறுங்கையோடு போக முடியாது. எடுத்த பிறகு, இனிப்போடு எப்படிப் போவது என்று திரும்ப வைத்தேன். கடைசியில் வெறுங்கையோடுதான் போனேன்.

அவர்கள் தெருவில் திரும்பியதும் என் கால் நின்றுவிட்டது. லாசரோஸ் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெயர்நாள் வீட்டில் மட்டும்தான் நாங்கள் அந்த விளக்கைச் சாயங்காலமே போட்டுக் கதவைத் திறந்து வைப்போம். யார் வேண்டுமானாலும் அழைப்பில்லாமல் உள்ளே வரலாம் என்று அர்த்தம். அந்த வீட்டு விளக்கு நாலு வருஷமாக எரிந்ததில்லை. பல்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பார்த்தேனா கதவருகில் நின்றாள். அதே கறுப்பு உடைதான். ஆனால் தலைமுடியை வாரிக் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் நல்ல நாள் விரிப்பு, வால்நட் கேக், சின்னச் சின்னக் கிளாசுகள். லாசரோஸ் நாற்காலியில் முழங்காலில் கை வைத்து, தண்டனை வாங்கிய பையனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வா அனதோலி," என்றாள். "முன்னாடியே சொல்லக் கூடாதா இந்த மனுஷன்? கடையில வாங்கிக் குடுத்துட்டு வந்து மத்தியானம்தான் சொல்றார். வீட்ல ஒண்ணும் பண்ணி வெக்கல நான். கேக்கு மட்டும்தான்."

நான் லாசரோசைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எட்டு மணி நேரம்னு சொன்னாராமே?" பார்த்தேனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா? அந்தப் பொண்ணுகிட்ட?"

"ஆமா."

"முத்திரை?"

"முழுசா," என்றேன். "ஒரு நாள்கூட விட்டுப்போகலன்னு சொன்னான். மழையில வெளிய அனுப்புறதில்லன்னும் சொன்னான்."

"அது நல்லது," என்றாள் அவள். "அதுதான் நல்லது." இரண்டு தடவை தலையாட்டினாள். அலமாரியில் இருந்த மினாசின் படத்தை லேசாக நேர் செய்தாள். அது கோணலாகவே இல்லை.

வாசலில் காலடிச் சத்தம். கோஸ்மாஸ். விளக்கைப் பார்த்திருக்கிறான். கையில் மிட்டாய்க்கடைப் பெட்டி, ரிப்பன் கட்டியது. தொப்பியைக் கழற்றி மறு கையில் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் சரிவில் கிழவர் தியோஃபிலோஸ் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் வேறு யாரோ, அவர்கள் கையிலும் பெட்டி.

கோஸ்மாஸ் படியிலேயே நின்றுவிட்டான். பார்த்தேனா அவனை நோக்கிக் கையை நீட்டினாள், பெயர்நாள் வீட்டுக்காரி வாழ்த்துக்காக நீட்டுகிற மாதிரி. அவன் என்னைப் பார்த்தான். லாசரோசைப் பார்த்தான். நெடுநாள் என்பதா, ஆண்டவர் நிழல் என்பதா, எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியுமா?

"சொல்லு கோஸ்மாஸ்," என்றாள் பார்த்தேனா. "கடையில அவர்கிட்ட எல்லாரும் சொன்னீங்களாமே. எனக்கு இன்னும் யாருமே சொல்லல."

கோஸ்மாஸ் அவள் கையைப் பிடித்தான். வாயைத் திறந்தான். முதல் பாதி வெளியே வரவில்லை.

"இருக்கட்டும்," என்றான்.

அவள் அவன் கையை விடவில்லை. விளக்கு வெளிச்சத்தில், மீதியையும் சொல்வான் என்று அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.